குழாயைத் திறக்கத் தகுதியானவர்

ஒரு குழாயைத் திறப்பதற்கு அதை இடது பக்கமாகத் திருகினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் மட்டுமே கை கழுவிப் பழகியவர்கள். அரச நிறுவனமொன்றில் குழாய் என்பது முன்மொழியப்பட்டு, பரிசீலிக்கப்பட்டு, அனுமதிக்கப்பட்டு, பொருத்தப்பட்டு, கடைசியில் தகுதியான ஒருவரால் திறந்து வைக்கப்பட வேண்டிய பொருள். அதற்கு முதல் அதிலிருந்து தண்ணீர் வந்தால் அதற்குப் பெயர் ஒழுக்கு.

மன்னார்த் தீவில், தாழைமுனை ஆதார வைத்தியசாலையின் நாலாம் வாட்டில் இருந்த குழாய் இந்த ஒழுங்குகள் எல்லாவற்றையும் கண்ட குழாய். அது அங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஒரு கிருமி.

அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தவர் டொக்டர் ஹுஸ்னியா. கொண்டச்சி என்ற ஊர்க்காரி. நுண்ணுயிரியல் நிபுணராகப் படித்து முடித்துவிட்டு எங்கள் வைத்தியசாலைக்கு வந்தவர். நாலாம் வாட்டில் புண்கள் ஆறச் சுணங்குவதைப் பார்த்து, ஏன் என்று ஆராயத் தொடங்கினார். பஞ்சுக் குச்சிகளை எடுத்துக்கொண்டு கட்டில் கம்பி, கதவுப் பிடி, பிறஷர் பார்க்கிற பட்டி, டொக்டர்மாரின் பேனை, தாதிமாரின் கை என்று எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டுபோய் ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தார். வளரும் கிருமிக்கு நடுவில், ஆறு வகை மருந்து தோய்த்த சின்ன வட்டக் கடதாசிகளை வைப்பார்கள். கிருமி மருந்துக்குப் பயந்து விலகி நிற்கவேண்டும். இந்தக் கிருமி விலகவில்லை. கொழும்பு பஸ்ஸில் சீற் பிடித்த ஆள் மாதிரி, ஆறு மருந்தோடும் ஒட்டி உட்கார்ந்திருந்தது.

விடயம் வைத்தியசாலைக் கூட்டத்தில் வைக்கப்பட்டது. தலைமை தாங்கியவர் வைத்திய அத்தியட்சகர் டொக்டர் கனகரத்தினம். நல்ல மனிதர். ஒரு காலத்தில் கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவர். அத்தியட்சகர் கதிரையில் உட்கார்ந்த நாளிலிருந்து நோயாளரைத் தொடுவதை விட்டு, வரவேற்புரை நிகழ்த்துவதில் தேர்ச்சி பெற்றிருந்தார்.

“இந்தக் கிருமி எங்கட ஆஸ்பத்திரியில பிறந்ததெண்டதுக்கு என்ன ஆதாரம்?” என்று அவர் கேட்டார்.

“பிறந்த இடம் தெரியாது சேர். இப்ப நாலாம் வாட்டில இருக்குது.”

“வெள்ளாங்குளத்தில இருந்துகூட நோயாளர் வருகினம். அங்கயிருந்து வந்திருக்கலாம். அப்பிடியெண்டால் எங்களிட்டை இருக்கிறது அதின்ர தற்காலிக வதிவிடம்தான்.”

“தற்காலிகமாத்தான் இருந்திருக்கும் சேர். இப்ப குடும்பமாயிட்டுது.”

நாலாம் வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்ரர் றஞ்சிதம் சிரிப்பை அடக்க இருமினார். அத்தியட்சகர் சிரிக்கவில்லை.

“வேற என்ன கண்டனீங்கள்?”

“ரெண்டு விஷயம் பார்த்தனான் சேர். ஒண்டு, மருந்துக்குச் சாகுதோ எண்டது. மற்றது, அது எவ்வளவு பொல்லாதது எண்டது. சில கிருமி மருந்துக்கு அடங்காது, ஆனா மனிசருக்குப் பெரிசா ஒண்டும் செய்யாது. சிலது பொல்லாதது, ஆனா மருந்து பட்டால் செத்திடும். இது மருந்துக்கும் அடங்குதில்லை, புண்ணுக்க போனால் சதையையும் அரிக்குது.”

அத்தியட்சகர் பேனையைக் கீழே வைத்தார். “பக்கத்து மாவட்டங்களில இப்பிடி ஒண்டு இருக்கோ?”

“இருக்கும் சேர். ஆரும் தேடிப் பார்க்கேல்லை.”

“அப்ப நாங்கள்தான் முதல்.”

அவருடைய குரலில் கவலையும் இருந்தது, பெருமையும் இருந்தது. எது கூட என்று அங்கிருந்தவர்களால் சொல்ல முடியவில்லை.

“சரி, இது ஒரு கட்டிலில இருந்து மற்றக் கட்டிலுக்கு எப்பிடிப் போகுது?”

“கையால சேர்.”

“ஆற்ற கையால?”

“எங்கட கையால.”

மேசைமேல் இருந்த கைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே போயின.

ஹுஸ்னியா கேட்டது பெரிய மருந்தோ பெரிய இயந்திரமோ அல்ல. நாலாம் வாட்டுக்குள் கை கழுவ ஒரு குழாய். இருந்த குழாய் விறாந்தையின் அந்தத் தொங்கலில், சமையலறைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு நோயாளரைத் தொட்ட பிறகும் அங்கே போய்க் கை கழுவுவதென்றால், வாட்டைச் சுற்றி முடிப்பதற்குள் மன்னார்ப் பாலம்வரை நடந்துவிடலாம்.

குழாய்க்கு உடனே அனுமதி கிடைத்தது. இது பலருக்கு ஆச்சரியம். ஆனால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்த வருசம் கை கழுவுதல் நாகரிகமாக இருந்தது. அதற்கு முந்தின வருசம் வீட்டுத்தோட்டம். அதற்கும் முந்தின வருசம் சிரிப்பு யோகா. கை கழுவுதல் வந்தவுடன், கை படம் போட்ட நீல ரீ-சேட்டுகள் வந்தன. மன்னார் நகரத்தில் விழிப்புணர்வு நடைபவனி நடந்தது. கச்சான் காற்று பதாகையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பனைமரத்தில் போட்டது. சோப்பு நுரை வடிவத்தில் ஒரு பெரிய சட்டம் செய்து, அதற்குள் தலையை விட்டு எல்லோரும் செல்பி எடுத்துக்கொண்டார்கள். குளிரூட்டிய மண்டபமொன்றில் தாதிமாருக்குச் செயலமர்வு நடந்தது. அந்த மண்டபத்தில் தண்ணீர் வசதி இல்லாதபடியால், தண்ணீர் இல்லாமல் கை கழுவும் செயன்முறைப் பயிற்சி வழங்கப்பட்டது. றஞ்சிதம் சிஸ்ரர் நாள் முழுக்கக் காற்றில் கையைத் தேய்த்துவிட்டு, சான்றிதழோடு வீடு திரும்பினார்.

அப்படியான ஒரு நல்ல காலத்தில்தான் நாலாம் வாட்டுச் சுவரில் வெள்ளைத் தொட்டியும், முழங்கையாலேயே தட்டித் திறக்கக்கூடிய புதுக் குழாயும் பொருத்தப்பட்டன. பக்கத்தில் ஒரு நினைவுக்கல். கல்லுக்கு மேல் மஞ்சள் பட்டுத் திரை. குழாயின் கழுத்தில் சிவப்பு நாடா.

குழாய் பொருத்திய அன்றே றஞ்சிதம் சிஸ்ரர் முழங்கையை நீட்டினார்.

“சிஸ்ரர், இன்னும் திறக்கேல்லை,” என்றார் பின்னால் நின்ற அத்தியட்சகர்.

“நான் திறக்கிறன் சேர்.”

“நீங்கள் திறந்தால் அது கை கழுவுறது. பிரதம விருந்தினர் திறந்தால்தான் திறப்பு.”

சிஸ்ரர் முழங்கையை மடக்கிக்கொண்டார்.

கொன்ஸ்ரன்ரைன் வாட்டுக்கு வந்தது இந்தக் கட்டத்தில்தான். பேசாலைப் பக்கத்து மீனவர். வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும்போது, மணலுக்குள் படுத்திருந்த திருக்கையில் மிதித்துவிட்டார். முள் வலது பாதத்தில் ஏறிவிட்டது. புண்ணைத் துப்புரவாக்கிக் கட்டுப் போட்டு, புதுக் குழாய்க்கு நேர் எதிரே இருந்த கட்டிலில் படுக்கவைத்தார்கள். இரண்டொரு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

போக முடியவில்லை. புண் முதலில் சிவந்தது, பிறகு பொங்கியது, பிறகு நாறத் தொடங்கியது. காய்ச்சல் கொதித்தது. ஹுஸ்னியா புண்ணிலிருந்து எடுத்ததை வளர்த்துப் பார்த்தார். அதே கிருமி. வெள்ளாங்குளத்திலிருந்தும் வரவில்லை, கடலிலிருந்தும் வரவில்லை. பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு கையில் ஏறி வந்து இறங்கியிருந்தது.

ஆறு மருந்தும் கேட்காது. கேட்கக்கூடிய கடைசி மருந்து ஒன்று இருந்தது. அதைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்கவேண்டும். ஹுஸ்னியா காலையும் மாலையும் தொலைபேசியில் நின்றார். இதற்கிடையில் சத்திரசிகிச்சை நிபுணர் வந்து பார்த்து, இப்படியே மேலே ஏறினால் பாதத்தை எடுக்கவேண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொன்ஸ்ரன்ரைன் மனைவியிடம் சொன்னார்:

“ஒரு காலோடயும் வள்ளத்தில நிக்கலாம் எடித். அலைக்குத்தான் அது விளங்காது.”

எடித்துக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. அவர் கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். அவர் குரல் எழுப்பினால் அடுத்த மீன்வாடியில் நிற்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். வைத்தியசாலைக்குள் வந்த நாளிலிருந்து அந்தக் குரலைக் கட்டிவைத்திருந்தார். டொக்டர்மார் கட்டில் கட்டிலாக வருவதும், இந்தப் புண்ணைத் தொட்ட கையால் அந்தப் புண்ணைத் தொடுவதும், குழாயின் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு நாடாவுக்கு மரியாதை செய்து போவதும் அவருக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

“டொக்டர், உந்தக் குழாயில தண்ணி வராதோ?” என்று ஹுஸ்னியாவிடம் கேட்டார்.

“வரும் அக்கா. இன்னும் திறக்கேல்லை.”

“யேசுவைச் சிலுவைக்குக் குடுத்த பிலாத்துக்கே கை கழுவத் தண்ணி கிடைச்சது. எங்கட டொக்டர்மாருக்குக் கிடைக்கேல்லையே.”

ஹுஸ்னியா நேரே அத்தியட்சகரின் கந்தோருக்குப் போனார்.

“சேர், குழாயைத் திறப்பம். ஒராளின்ர கால் போகப்போகுது.”

அத்தியட்சகருக்கு உண்மையிலேயே மனவருத்தம். “எனக்கு விளங்காமல் இல்லை டொக்டர். ஆனா யோசிச்சுப் பாருங்கோ. இப்ப திறந்தால் பிறகு திறக்கிறதுக்கு என்ன இருக்கும்? திறந்த குழாயைப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னால் அது அவரை அவமதிக்கிறது.”

“திறந்திட்டு மூடி வைக்கலாம் சேர். ஆருக்கும் தெரியாது.”

“தொட்டி ஈரமாயிடும்.”

“எப்ப விழா?”

அதுதான் சிக்கல். மாகாண மட்டத்தில் பெரிய பதவியில் இருந்த பிரதம விருந்தினர், தொற்றுத் தடுப்பு பற்றிய மாநாடொன்றுக்காக வெளிநாடு போயிருந்தார். அங்கிருந்து கடும் தடிமனும் தும்மலுமாகத் திரும்பி ஓய்வில் இருந்தார். அந்த இடைவெளியில் பிரச்சினை வேறு பக்கத்தால் வளர்ந்தது. குழாயைத் திறப்பது பிரதம விருந்தினர். விளக்கேற்றுவது சிறப்பு விருந்தினர். நினைவுக்கல்லின் திரையை நீக்குவது கௌரவ விருந்தினர். இவ்வளவும் தீர்ந்த பிறகு, விசேட விருந்தினர் என்று ஒருவர் மிச்சமாக நின்றார். அவரை விடவும் முடியாது, அவருக்குக் கொடுக்க வேலையும் இல்லை. இரண்டாவது குழாய் ஒன்று பொருத்தலாமா என்றுகூடப் பேசினார்கள். கடைசியில் அத்தியட்சகருக்கே அந்த யோசனை வந்தது. திறந்த குழாயை யாராவது மூடத்தானே வேண்டும்? அந்தக் கௌரவம் விசேட விருந்தினருக்கு வழங்கப்பட்டது. அவர் மிகவும் சந்தோசப்பட்டாராம். இதுவரை எத்தனையோவற்றைத் திறந்திருக்கிறேன், மூடுவதற்கு இதுதான் முதல் முறை என்றாராம்.

ஹுஸ்னியா வாட்டுக்குத் திரும்பி வந்து எடித்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கொழும்பு மருந்து நாளைக்கு வந்திடும் அக்கா. ஆனா மருந்து ஒருபக்கம் கொல்லக் கொல்ல, மற்றப் பக்கம் கையால புதுசு புதுசாக் கொண்டுவந்து வைச்சால் பிரயோசனம் இல்லை. குழாயைத் திறக்க எனக்கு அதிகாரமும் இல்லை.”

எடித் கேட்டார்:

“வாளிக்கு?”

ஹுஸ்னியா யோசித்துப் பார்த்தார். “வாளிக்குத் திறப்பு விழா வைக்கவேணுமெண்டு சுற்றறிக்கை ஒண்டும் வரேல்லை.”

அடுத்த நாள் விடியக் காலை நாலாம் வாட்டில் ஒரு பெரிய வாளி நிறையத் தண்ணீரும், ஒரு செம்பும், சவர்க்காரக் கட்டியும், அழுக்குத் தண்ணீருக்கு ஒரு பேசினும் இருந்தன. எடித் வாளிக்குப் பக்கத்தில் இருந்தார். முதலில் வந்தவர் ஒரு இளம் டொக்டர். கட்டைப் பிரிக்கக் குனிந்தார்.

“கை,” என்றார் எடித்.

கட்டிவைத்திருந்த குரல் அன்றுதான் அவிழ்ந்தது. வாட்டில் இருந்த எல்லோரும் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். டொக்டர் கையை நீட்டினார். எடித் தண்ணீர் வார்த்தார். சவர்க்காரம் கொடுத்தார். நகத்திடுக்கைக் காட்டினார். பிறகுதான் கணவரின் கால்பக்கம் விட்டார்.

அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் அதே ஒரு சொல்தான். கை. தாதிமாருக்கும் கை, மருந்து கட்டுகிறவருக்கும் கை, பழம் கொண்டுவந்த சொந்தக்காரருக்கும் கை, தேவாலயத்தில் பூசை முடித்து ஆசீர்வதிக்க வந்த சுவாமிக்கும் கை. பக்கத்துக் கட்டில்காரரின் ஆட்களும் ஆளுக்கொரு வாளி கொண்டுவந்தார்கள். வாட்டு கல்யாண வீட்டுப் பந்திபோல ஆகிவிட்டது.

கேள்விப்பட்டு அத்தியட்சகரே வந்தார்.

“அம்மா, நான் இந்த ஆஸ்பத்திரியின்ர அத்தியட்சகர்.”

“ஓம் சேர், தெரியும். கை.”

அவர் சுற்றிலும் பார்த்தார். றஞ்சிதம் சிஸ்ரர் யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தியட்சகர் கையை நீட்டினார்.

“மோதிரத்தைக் கழட்டுங்கோ சேர்.”

கழற்றினார். நீண்டகாலத்துக்குப் பிறகு, சுத்தமான கையால் ஒரு நோயாளரின் காலைப் பிடித்துப் பார்த்தார். நல்ல கைதான் அது. புண்ணின் ஓரத்தை அவர் அழுத்திய விதத்திலேயே கொன்ஸ்ரன்ரைனுக்கு அது தெரிந்தது. “குறையுது,” என்றார். அவருக்கும் சந்தோசம். வெளியே வந்து ஹுஸ்னியாவிடம் தணிந்த குரலில் சொன்னார்:

“நல்ல நடைமுறை. ஆனா எழுத்தில இல்லாதபடியால் இதை நாங்கள் காணேல்லை.”

கொழும்பு மருந்தும் வாளியும் சேர்ந்து வேலை செய்தன. காய்ச்சல் இறங்கியது. பாதத்தின் நிறம் பாதத்தின் நிறத்துக்குத் திரும்பியது. வெட்டுவதைப்பற்றிப் பேசியவர்கள் அதைப்பற்றிப் பேசுவதை நிறுத்தினார்கள். ஹுஸ்னியா மறுபடியும் பஞ்சுக் குச்சிகளோடு வாட்டைச் சுற்றினார். கிருமி கட்டில் கட்டிலாகப் பின்வாங்கியிருந்தது. அதை அத்தியட்சகரிடம் சொல்லப்போனபோது அவர் முகம் மாறியது.

“முழுக்கப் போயிடுமோ?”

“போகும் போலதான் இருக்குது சேர்.”

“விழாவுக்கு முன்னமோ? கிருமி இல்லாட்டில் பிறகு குழாய் எதுக்கெண்டு கேட்கப்போகினம். அதுவரைக்கும் கொஞ்சமாவது இருந்தால் நல்லம்.”

“பயப்பிடாதேங்கோ சேர். அதுக்கு அழைப்பிதழ் தேவையில்லை.”

ஒரு வழியாக விழா நாள் வந்தது. நாலாம் வாட்டு வாழைமரம் கட்டி அலங்கரிக்கப்பட்டது. பார்வைக்கு அழகில்லை என்று எல்லா வாளிகளும் மருந்து அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைக்கப்பட்டன. பாண்ட் வாத்தியம் ஒலித்தது. நோயாளர் எழும்பி உட்கார்ந்தார்கள். உட்கார முடியாதவர்கள் நிமிர்த்தி உட்கார்த்தப்பட்டார்கள். சிறப்பு விருந்தினர் விளக்கேற்றினார். கௌரவ விருந்தினர் திரை நீக்கினார். கல்லில் நாலு விருந்தினரின் பெயர்களும் பொன் எழுத்தில் இருந்தன. கிருமியின் பெயர் இல்லை. ஹுஸ்னியாவின் பெயரும் இல்லை.

பிரதம விருந்தினர் கத்தரிக்கோலால் நாடாவை வெட்டி, முழங்கையால் குழாயைத் தட்டினார். தண்ணீர் நல்ல வேகத்தோடு வந்தது. கைதட்டல் எழுந்தது. ஒரு கையில் பூமாலையும் மறுகையில் தொலைபேசியும் இருந்ததால் அவர் கை கழுவவில்லை. விரல் நுனியைப் படத்துக்காக நனைத்துக்கொண்டார். பிறகு நோயாளரைச் சுகம் விசாரிக்கக் கட்டில் கட்டிலாக வந்து, எல்லோருக்கும் கைகொடுத்தார். கொன்ஸ்ரன்ரைனின் கட்டிலுக்கு வந்து காலைத் தொடக் குனிந்தார்.

“கை,” என்றார் எடித்.

அவர் மலர்ந்த முகத்தோடு எடித்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கமராக்கள் மின்னின.

உரைகள் தொடங்கின. குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. றஞ்சிதம் சிஸ்ரர் மெல்லப் போய் மூடப் பார்த்தார்.

“தொடாதேங்கோ சிஸ்ரர். விசேட விருந்தினர் வரட்டும்.”

“எங்க நிக்கிறாராம் சேர்?”

விசேட விருந்தினர் மன்னார் நகரத்துக்குள் நின்றார். வீதியில் கழுதைக்கூட்டம். மன்னார்க் கழுதைகள் எந்த வாகனத்துக்கும் அவசரப்பட்டு ஒதுங்குவதில்லை. இவர் இன்னார் என்று சாரதி இறங்கிச் சொல்லிப் பார்த்தும் பலனில்லை. வரவேற்புரை முடிந்தது. தலைமையுரை முடிந்தது. தண்ணீர் ஓடியது. சமையலறையிலிருந்து வந்து தண்ணீர் நின்றுவிட்டது என்றார்கள். பிறகு பிரசவ வாட்டிலிருந்து வந்து சொன்னார்கள். பிறகு சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து, கை கழுவிக்கொண்டிருந்த நிபுணர் பாதி நுரையோடு வந்து வாசலில் நின்று, இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டார்.

“விழா நடக்குது,” என்றார் அத்தியட்சகர். வேறென்ன சொல்லமுடியும்.

பிரதம விருந்தினர் தண்ணீரே உயிர் என்று பேசிக்கொண்டிருந்தபோது, வைத்தியசாலையின் பெரிய தண்ணீர்த் தாங்கி காலியாகி, குழாய் இருமி, இரண்டு சொட்டுச் சிந்தி, தானாகவே நின்றது. அதன் பிறகுதான் விசேட விருந்தினர் மாலையோடு உள்ளே வந்தார். வறண்டு நின்ற குழாயை மிகுந்த பொறுப்போடு மூடினார். எல்லோரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். நீரை வீண்விரயம் செய்யவேண்டாம் என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு அமர்ந்தார்.

விழா இனிதே நிறைவெய்தியது. அடுத்த நாள் தாங்கி நிரம்பியது. குழாய் உண்மையான குழாயாகியது. றஞ்சிதம் சிஸ்ரர் ஒவ்வொரு கட்டிலுக்குப் பிறகும் முழங்கையால் தட்டுகிறார். குழாயைப்பற்றிக் குறை சொல்ல இனி ஒன்றுமில்லை.

கொன்ஸ்ரன்ரைன் இரண்டு காலாலும் நடந்து வீட்டுக்குப் போனார். மிச்ச நாட்களுக்கான கொழும்பு மருந்தின் குளிசைகளைப் பொதிசெய்து கொடுக்கும்போது, சுகம் வந்தாலும் நிறுத்தக்கூடாது, பாதியில் விட்டால் மிஞ்சிய கிருமி இந்தக் கடைசி மருந்துக்கும் பழகிவிடும், கடைசிக் குளிசை வரைக்கும் குடிக்கவேண்டும் என்று ஹுஸ்னியா படித்துப் படித்துச் சொன்னார். எடித் ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கால் தப்பியதற்கு நன்றியாகப் பூசை கொடுத்து, எடித் வீட்டில் மத்தியானச் சாப்பாடு வைத்தார்கள். ஹுஸ்னியா, அத்தியட்சகர், றஞ்சிதம் சிஸ்ரர் மூவரையும் கூப்பிட்டிருந்தார்கள். வாசலிலேயே தண்ணீரும் சவர்க்காரமும். எல்லோரும் சொல்லாமலே கை கழுவினார்கள். பாரைக் குழம்பு, நண்டுப் பிரட்டல், வெள்ளைச் சோறு. கொன்ஸ்ரன்ரைன் பந்திக்கு நடுவில் அங்கும் இங்கும் நடந்து பரிமாறியதைப் பார்க்க எல்லோருக்கும் கண் நிறைந்தது. விழாவைப்பற்றிக் கதை வந்தது. தண்ணீர் இல்லாத குழாயை மூடிய விதத்தைக் கொன்ஸ்ரன்ரைன் நடித்துக் காட்ட, அத்தியட்சகருக்கே சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

“பெரிய இடத்து ஆக்களுக்குப் புத்தி சொல்ல ஏலாது டொக்டர்,” என்றார் எடித், ஹுஸ்னியாவின் சோற்றுக் கோப்பையில் நண்டு வைத்தபடி. “எங்களைப் போல ஆக்களெண்டால் ஒண்டையும் வீணாக்க மாட்டம். நீங்கள் தந்த கொழும்புக் குளிசையைத்தான் எடுங்கோவன். வீட்டுக்கு வந்து ரெண்டு மூண்டு நாளில கால் நல்லாக் காய்ஞ்சு போச்சு. பிறகும் ஏன் இவருக்கு? கிடைக்காத மருந்து. அப்பிடியே எடுத்து வைச்சன்.”

ஹுஸ்னியாவின் கை சோற்றில் நின்றது. “எங்க அக்கா வைச்சனீங்கள்?”

“சும்மா வைச்சிருக்கேல்லை டொக்டர், நாலு பேருக்கு உதவினது. அன்னப்பிள்ளையக்காவுக்குப் பல்லுக்குத்து, அவவுக்கு ரெண்டு. எதிர் வீட்டு ஆட்டுக்குக் கண்ணில சீழ், அரைக் குளிசை கரைச்சு விட்டது. மீன் லொறி ஓடுற பைசருக்கு நாரிப்பிடிப்பு, குனிஞ்சு நிமிர ஏலாது, அவர் கொஞ்சம் கூடவே கொண்டுபோனவர். போற வழியில ஆருக்கும் குடுக்கலாமெண்டு.”

“ஆட்டுக்கு,” என்றார் ஹுஸ்னியா.

“உடன சுகம். சிஸ்ரரைக் கேளுங்கோவன், அவவுக்கும் தடிமனெண்டு ரெண்டு குடுத்து விட்டனான்.”

றஞ்சிதம் சிஸ்ரர் கோப்பைக்குள் குனிந்து, ஒரு முள்ளை மிகக் கவனமாக எடுத்துக்கொண்டிருந்தார். ஹுஸ்னியா அத்தியட்சகரைப் பார்த்தார். இதைக் கண்டிக்க இந்த வீட்டில் அதிகாரம் உள்ளவர் அவர் ஒருவர்தான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எடித்தின் பக்கம் சரிந்தார்.

“அம்மா, மிச்சம் ஏதும் இருக்கோ? நாளையிண்டைக்கு எனக்கு ஒரு வரவேற்புரை. தொண்டை கொஞ்சம் கரகரக்குது.”

அப்போது ஹுஸ்னியாவின் தொலைபேசி அடித்தது. கொண்டச்சியிலிருந்து அவருடைய உம்மா. எச்சில் கையோடு எழும்பி முற்றத்துக்குப் போய், இடது கையால் காதில் வைத்தார்.

“மகள், என்ர இருமல் ஒரேயடியா நிண்டு போச்சு. மீன் லொறி பைசர் ரெண்டு குளிசை தந்தவர், அல்ஹம்துலில்லாஹ், என்ன மாதிரிக் கேட்குது தெரியுமோ. அங்க மன்னாரில ஆரோ கெட்டிக்கார டொக்டர் ஒருத்தி கொழும்பில இருந்து எடுப்பிச்ச மருந்தாம். உனக்கு அவவைத் தெரியுமெண்டால், வாப்பாவுக்கும் ரெண்டு கேட்டு வாங்கி அனுப்பு.”